கடைமடை

பாளையங்கோட்டையில்
எங்கள் ஆஸ்பத்திரிக்கு அடித்தளம் ஒன்று உண்டு.
நோயாளிகள் யாரும் பார்த்ததில்லை.
ஏசிக்கான குளிர்ந்த தண்ணீர்
அங்கிருந்துதான் நாலு மாடிக்கும் ஏறுகிறது.
இரவு ட்யூட்டி என்னுடையது.

பம்புக்கு மேலே பச்சை வால்வு,
பாதி மூடி நிற்கும்.
கழுத்தில் சிவப்பு பெயின்டில் ஒரு கோடு,
பக்கத்தில் ‘திருப்பாதே’.
எழுதிய ஆவுடைநாயகம்
மஸ்கட் போய்ப் பதினொரு வருஷம்.
ஆயுதபூஜைக்கு அந்தக் கோட்டுக்கும்
சந்தனம் வைத்துக்கொண்டிருந்தோம்.

முப்பது குதிரை மோட்டார்
மூச்சைப் பிடித்துத் தள்ளும்.
வால்வு மூச்சைப் பிடித்து மறிக்கும்.
ஒரு கால் ஆக்சிலேட்டரில், ஒரு கால் பிரேக்கில் என்று
எவனாவது சங்கரன்கோவில் ரோட்டில் வண்டி ஓட்டினால்
இறக்கிவிட்டு இரண்டு கேள்வி கேட்போம்.
இதற்கோ
மாதம் தவறாமல் கரண்ட் பில் கட்டினோம்.

எமல்டா வந்தாள், உவரிக்காரி.
தெர்மாமீட்டரைக் குழாயில் வைத்தாள்.
“போற தண்ணி ஏழு டிகிரி, வர்ற தண்ணி ஒம்பது.
அம்புட்டுத் தண்ணியும் மேல போயி
என்னத்த அண்ணாச்சி சொமந்துட்டு வருது?”
லாரி பிடித்துப் போய்
ஒரு கட்டுக் கீரை வாங்கி வந்தவன் மாதிரி நின்றேன்.

“வேகத்துல அஞ்சுல ஒண்ணக் கொறச்சா
கரண்டு பாதி” என்றாள்.
எந்த ஊர்க் கணக்கு இது?
சுவரில் கரிக்கட்டையால் எழுதினாள்:
நாநாலு பதினாறு, அதை நாலால் பெருக்கு, அறுபத்து நாலு.
ஐயைந்து இருபத்தைந்து, அதை ஐந்தால் பெருக்கு, நூற்றிருபத்தைந்து.
“அதுல இது பாதிதானே?
பம்பு எதையும் மூணு தடவ பெருக்கும்.”
அந்தச் சுவருக்கு இன்னும் வெள்ளையடிக்கவில்லை.

பம்பின் காலடியில் இருந்த சென்சாரைக் கழற்றினாள்.
“கடைசி ரூம் எது?”
நாலாம் மாடி, நானூற்றுப் பதினேழு.
அங்கே கொண்டுபோய் மாட்டினாள்.
இது மட்டும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
பாளையங்கால்வாயில் அரை ஏக்கர் எனக்கு, வால் பக்கம்.
மடைவாயில் நின்று ‘தண்ணி போதுமா’ என்று கத்துகிற ஆளுக்கு
எப்போதும் போதும்.

பைபாஸ்களை அடைத்தோம்.
பச்சை வால்வை நானே திறந்தேன், முழுசாக.
சிவப்புக் கோடு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது.
ஐம்பது ஹெர்ட்ஸ் நாற்பதானது.

ஏழேகாலுக்கு போன்.
நானூற்றுப் பதினேழில் வேர்க்கிறதாம்,
தங்கபுஷ்பம் சிஸ்டர் குரலிலும் வேர்வை.
மேனேஜர் கந்தப்பழம் படியிறங்காமலே கத்தினார்:
“அம்பதுக்கே போடுலே, சவத்த!”
என் கை திருகுக்குப் போய்விட்டது.
எமல்டா ஏணி கேட்டாள்.

கூரைப்பலகையை நகர்த்தி
வடிகட்டியைத் திறந்தால்
துரு, சணல், வெல்டிங் கசடு,
கட்டடம் கட்டிய காலத்து மிச்சம்.
என் உள்ளங்கையில் அடங்கியது.
ஒரு பிடி.

காது அடைத்த ஒருத்தருக்காக
ஊர் முழுக்க மைக்செட் கட்டி
ராவும் பகலும் அலறவிட்டிருக்கிறோம்.
அவர் காதை யாரும் பார்க்கவில்லை.

கழுவி மாட்டியதும்
பதினேழு குளிர்ந்தது.
பில் வந்த அன்று கந்தப்பழம் கேட்டார்,
“மீட்டர் கெட்டுப்போச்சா?”

இப்போது இரவு இரண்டு மணிக்கு
தானாகவே முப்பத்தாறுக்கு இறங்குகிறது.
முதல் வாரம் எனக்கு பயமாக இருந்தது,
நின்றுவிட்டதோ என்று
மோட்டார்மேல் கை வைத்து வைத்துப் பார்த்தேன்.
வெதுவெதுப்பாக இருந்தது.

நேற்று அந்த அமைதியில் ஒரு சத்தம்.
டார்ச் அடித்துத் தேடினேன்.
இரண்டாவது பம்பின் அடியில்
சொட்டு, சற்று நேரம் கழித்து இன்னொரு சொட்டு.
தரையில் அது பதித்திருக்கும் குழியைப் பார்த்தால்
இன்று நேற்று ஒழுகுவதில்லை.